களிமண்ணுல இருக்குற இரும்பு நிலத்தடி நச்ச எப்படி உடைக்குது: கடலூர், பாண்டி பக்கம் புதுசா பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

கடலூர், பாண்டி பக்கம் போர் தண்ணி பத்திப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க, "அதெல்லாம் மண்ணே வடிகட்டிடும்ங்க, பயப்படாதீங்க"ன்னு. அது முழுப் பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. மணல் வடிகட்டும், களி ஒட்ட வச்சுக்கும், ஆனா களிக்குள்ள இருக்குற இரும்பு இன்னொரு வேலையும் பண்ணுது, சில நச்சுப் பொருளோட மூலக்கூறையே மாத்திடுது. எந்த மண்ணு அத செய்யும், எப்ப செய்யும், எத செய்யவே செய்யாது, நம்மளே எப்படிப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம், இதத்தான் படிப்படியா எழுதியிருக்கேன். காலேஜ்ல மொத ப்ராஜெக்ட் எடுக்குற பிள்ளைங்க, ஸ்கூல் சயின்ஸ் டீச்சர், சொந்தமா போர் வச்சிருக்க விவசாயி, இவங்கள மனசுல வச்சுதான் எழுதுறேன், கெமிஸ்ட்ரிய பத்தாவதோட விட்டவங்களும் தைரியமா படிக்கலாம்.

அடிப்படை, இத மட்டும் தாண்டிப் போயிடாதீங்க

களின்னா வெறும் பொடி மண்ணு இல்ல. அடுக்கடுக்கா இருக்குற தாது, ஒரு அடுக்கோட தடிமன் ஒரு நானோமீட்டர் சுமார், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. கரிசல் மண்ணுல அதிகமா இருக்குற ஸ்மெக்டைட்ங்கிற வகைல ரெண்டு பக்கமும் சிலிக்கா தகடு, நடுவுல ஒரு தகடு, அந்த நடுத்தகட்டுலதான் அலுமினியம், மக்னீசியம், கூடவே இரும்பும் உக்காந்திருக்கும். ஒரு கிராம் சுத்தமான ஸ்மெக்டைட்ட முழுசா பிரிச்சு விரிச்சா 700 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும், அவ்வளவு எடம் தண்ணியத் தொட்டுக்கிட்டு இருக்கறதாலதான் இது இவ்வளவு வேல பாக்குது.

இரும்புக்கு ரெண்டு நிலை. காத்து படுற எடத்துல இரும்பு-3, நெறம் சிவப்பு, மஞ்சள், பழுப்பு. காத்து போகாத ஈர எடத்துல இரும்பு-2, அப்ப களி சாம்பலா இல்ல நீலப்பச்சையா தெரியும். இரும்பு-2 கையில ஒரு எலக்ட்ரான் கூடுதலா இருக்கு, அத வாங்கிக்க ஆள் வந்தா குடுத்துட்டு இரும்பு-3 ஆயிடும். குரோமியம்ங்கிற உலோகத்தோட ஒரு நிலையான குரோமியம்-6 அந்த மாதிரி வாங்குற ஆள், மூணு எலக்ட்ரான் வாங்கி குரோமியம்-3 ஆயிடும். குரோமியம்-6 தண்ணில கரைஞ்சு ஓடுற, புற்றுநோய் வரவைக்கிற வகை. குரோமியம்-3 பெரும்பாலும் கரையாம மண்ணோட தங்கிடும், நச்சும் ரொம்பக் கம்மி. அதனால ஒரு களி நச்ச உடைக்குமான்னு கேட்டா "அதுகிட்ட எலக்ட்ரான் கையிருப்பு இப்ப எவ்வளவு இருக்கு"ன்னுதான் கேக்கணும், இரும்பு எவ்வளவு இருக்குன்னு மட்டும் கேட்டா பத்தாது. இந்த ஒண்ணு புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

கையிருப்ப நிரப்புறது யாரு? பாக்டீரியாதான். ஜியோபாக்டர், ஷீவனெல்லா மாதிரி சிலது ஆக்ஸிஜன் இல்லாத எடத்துல இரும்ப வச்சே மூச்சு விடுது, வேர், வைக்கோல், மக்குன இலையத் தின்னுட்டு மிச்ச எலக்ட்ரான இரும்பு-3 மேல எறக்கிடுது. நடவு வயல்ல தண்ணி கட்டி நின்னதும் மேல ஒரு மெல்லிய பழுப்புத் தோலு, கீழ சாம்பல் சேறு இருக்கும் பாருங்க, அது இதேதான்.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன். மண்ணுல இரும்பு ரெண்டு விதமா இருக்கு, ஒண்ணு துருவா மணல் மேல பூச்சு மாதிரி, இன்னொண்ணு களியோட தகட்டுக்குள்ள. துருவுல இருக்குறது இரும்பு-2ஆ மாறுனா கரைஞ்சு தண்ணியோட போயிடும், போர்லேருந்து தெளிவா வந்த தண்ணி பக்கெட்ல மஞ்சளாறது இதனாலதான், காத்து பட்டு திரும்பத் துரு ஆகுது. களித் தகட்டுக்குள்ள இருக்குறது பெரும்பகுதி உள்ளயே இருந்துக்கிட்டு எலக்ட்ரான மட்டும் குடுக்கும் வாங்கும், ஓடிப் போகாது. அதனாலதான் திரும்பத் திரும்ப வேல செய்ய முடியுது. இல்லினாய் பல்கலைக்கழகத்து ஜோசப் ஸ்டக்கி பல வருஷம் இந்த ஒரு விஷயத்தத்தான் தோண்டிப் பாத்தாரு, அப்படி இரும்பு-2 ஏறுன களி சில பூச்சிமருந்து மூலக்கூறையும் மாத்துதுன்னு அந்த ஆராய்ச்சிங்க காட்டுச்சு.

படி 1: உங்க மண்ணு எந்த வகைன்னு பாருங்க

நம்ம பக்கம் ஒரே மண்ணு கெடையாது. ஆரோவில், பொம்மையார்பாளையம், பண்ருட்டி மேடு, நெய்வேலி சுத்துவட்டாரம் எல்லாம் கடலூர் மணற்கல் மேல உக்காந்த செம்மண். சிவப்பு பாத்துட்டு "எவ்வளவு இரும்பு"ன்னு ஆச்சரியப்படுவோம், ஆனா அதுல பெரும்பாலும் துரு வகை இரும்பும் கயோலினைட்ங்கிற களியும்தான், கயோலினைட்டோட தகட்டுல இரும்பு ரொம்பக் கொஞ்சம். நெய்வேலில நிலக்கரிக்கு மேல வர்ற வெள்ளக்களி அந்த கயோலின் குடும்பம்தான். இன்னொரு பக்கம் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம் தாலுக்கா கரிசல் வயல்ல சித்திரைல கால் உள்ள போற அளவுக்கு வெடிப்பு விடும், மழ வந்தா ஊதி மூடிக்கும். அந்த வெடிப்புதான் ஸ்மெக்டைட் இருக்குன்னு காட்டுற அடையாளம், காசு செலவு இல்லாம கெடைக்குற டெஸ்ட்.

அடுத்து ஒரு லிட்டர் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி, ஒரு சிட்டிகை துணி தொவைக்கிற பவுடர், நல்லா குலுக்கி வச்சுடுங்க. மணல் ஒரு நிமிஷத்துக்குள்ள உக்காரும், வண்டல் சில மணி நேரத்துல, அடுத்த நாளும் கலங்கலா நிக்கிறதுதான் களி. அந்தக் கலங்கல் தண்ணிய வேற பாத்திரத்துல ஊத்திக் காய வச்சா களி தனியா கெடைக்கும். அத சின்ன உருண்டையாக்கி வில்லியனூர் பக்கம் சுடுமண் வேல செய்றவங்க சூளைல வச்சுத் தரச் சொல்லுங்க, செங்கல் சிவப்பா வந்தா இரும்பு இருக்கு, வெளுப்பா வந்தா கம்மி. காந்தம் வச்சுப் பாக்கலாம்னு பலபேர் சொல்லுவாங்க, அது வேலைக்கு ஆகாது, களிக்குள்ள இருக்குற இரும்பு காந்தத்துல ஒட்டாது, ஒட்டுறதெல்லாம் மாக்னடைட் கலந்த கருப்பு மணல்தான்.

படி 2: கையிருப்பு ஏறுறத கண்ணால பாருங்க

இது வீட்டுலயே செய்யலாம், ஸ்கூல்லயும் செய்யலாம். மூணு பிளாஸ்டிக் பாட்டில் எடுங்க, கண்ணாடி வேணாம், உள்ள கேஸ் சேரும், வெடிச்சுடும். மூணுலயும் ஒரே களி. மொதல் பாட்டில்ல களியும், கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியும் மட்டும் (கொதிச்சா கரைஞ்ச ஆக்ஸிஜன் போயிடும்). ரெண்டாவதுல அதே, கூட ஒரு கைப்பிடி வயல் சேறு, அதுல பாக்டீரியா இருக்கும். மூணாவதுல வயல் சேறும் ஒரு ஸ்பூன் வெல்லமும். வெல்லம் கருப்பா இருக்குறதா பாத்து வாங்குங்க, ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது வேணாம், ஏன்னா ஹைட்ரோஸே எலக்ட்ரான் குடுக்குற ஆளு, பரிசோதனை கெட்டுடும். தண்ணிய வாய் வரைக்கும் நிரப்பி மூடி இருட்டுல வச்சுடுங்க, மொத ஒரு வாரம் தினமும் மூடிய லேசா தளத்தி கேஸ விட்டுட்டு உடனே மூடுங்க.

சில வாரத்துல மூணாவது பாட்டில் மொதல்ல சாம்பலாகும், அப்புறம் ரெண்டாவது, மொதல் பாட்டில் ரொம்ப மெதுவா மாறும் இல்ல மாறவே மாறாது. கருப்பா மாறி அழுகுன முட்ட நாத்தம் வந்தா அங்க சல்பேட்ட தின்னுற பாக்டீரியா வேல செஞ்சு இரும்பு சல்பைட் ஆக்கிடுச்சுன்னு அர்த்தம், உப்பனாறு கழிமுகம், பிச்சாவரம் பக்கத்துச் சேறு அப்படித்தான் இருக்கும், அது தப்பில்ல, இரும்பு சல்பைடும் குரோமியம்-6ஐ மாத்தும், ஆனா அது வேற கணக்கு, நோட்டுல தனியா எழுதுங்க. அந்த நாத்தக் காத்து நச்சு, பாட்டில வெளில வச்சுத் தெறங்க, கிட்ட போய் மோந்து பாக்காதீங்க.

இப்ப சாம்பல் களில கொஞ்சம் எடுத்து வெள்ளத் தட்டுல மெல்லிசா தேச்சு வைங்க. மேல்பக்கம் மெதுவா மஞ்சள் பழுப்பா திரும்பும். உங்க கண்ணு முன்னாடியே கையிருப்பு காத்துக்குப் போகுது. மண் சாம்பிள் எடுக்கறப்ப எல்லாரும் கோட்டை விடுற எடம் இதுதான், தோண்டி எடுத்து கேரி பேக்ல போட்டு ஒரு நாள் கழிச்சு லேபுக்குக் கொண்டு போனா லேப்காரங்க பாக்குறது தரையில இருந்த களிய இல்ல. தோண்டுன உடனே தடிப்பான ஜிப் கவர்ல நிரப்பி, காத்த நசுக்கி வெளியேத்தி, ஐஸ் பெட்டில வைங்க. நெறத்த தோண்டுன அந்த நிமிஷமே போட்டோ எடுத்துக்குங்க.

படி 3: ஒட்டுறதா, உடையுறதா?

புதுசா வர்றவங்க எல்லாரும் சாயம் போட்டுப் பாப்பாங்க, மீன் தொட்டி கடைல கெடைக்குற மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு, தண்ணி தெளிஞ்சுடும், "களி சாயத்த உடைச்சிடுச்சு"ன்னு சந்தோஷப்படுவாங்க. அவசரப்படாதீங்க. நீலம் காணாம போக மூணு காரணம் இருக்கு. களி மேல ஒட்டிக்கிட்டிருக்கலாம், அப்ப களியே நீலமா இருக்கும், மெத்திலீன் ப்ளூ களில ரொம்ப ஈசியா ஒட்டும். எலக்ட்ரான் வாங்கி நெறமில்லாத வடிவமா மாறியிருக்கலாம், அப்ப காத்து பட குலுக்குனா நீலம் திரும்ப வரும். நெஜமாவே உடைஞ்சிருக்கலாம், அப்ப திரும்ப வராது. இந்த மூணையும் பிரிச்சுப் பாக்க சாம்பல் களி பாட்டில் பக்கத்துலயே காத்து பட்ட பழுப்புக் களி பாட்டில் ஒண்ணும் வச்சு ரெண்டுலயும் ஒரே அளவு சாயம் போட்டு ஒப்பிடணும். இந்த ஒப்பீடு இல்லாத ரிசல்ட்ட நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீங்க. லேப்ல குரோமியம்-6 வச்சு செய்றதா இருந்தா டைபினைல்கார்பசைட் போட்டா ஊதா வரும், 540 நானோமீட்டர்ல அளக்கலாம், ஆனா அது சார் மேடம் கூட இருக்கறப்ப லேப்ல மட்டும், வீட்டுல வேணாம்.

எது உடையும், எது உடையாது

குரோமியம்-6 நல்லா மாறும். நைட்ரோ பென்சீன் மாதிரி நைட்ரோ குரூப் உள்ள சாயம், மருந்து, பூச்சிமருந்து மூலப்பொருள் எல்லாம் அனிலின் வகையா மாறும், மாறுனதும் நல்லதாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, அனிலினும் நச்சுதான், ஆனா காத்து இருந்தா பாக்டீரியா அத தின்னுறது சுலபம். கார்பன் டெட்ராகுளோரைடுங்கிற கரைப்பான்ல ஒரு குளோரின் கழண்டு குளோரோஃபார்ம் ஆகலாம், அதுவும் குடிக்கிற பொருள் இல்ல. டிரைகுளோரோஎத்திலீன்ங்கிற இன்னொரு கரைப்பான் ரொம்ப மெதுவாத்தான் மாறும். ஈயம், காட்மியம் உடையாது, தனிமத்த யாரு உடைக்கிறது, களி புடிச்சு வச்சுக்கும் அவ்வளவுதான். ஃப்ளூரைடு, உப்பு, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குறதோட மொத்த அளவு) இதையெல்லாம் களியில இருக்குற இரும்பு மாத்தாது, கடற்கரை ஓரம் போர்ல கடல் தண்ணி ஏறிடுச்சுன்னா அதுக்கு வழி வேற.

படி 4: கையிருப்பு கணக்கு போடுங்க

இத யாரும் சொல்லித் தர்றதில்ல, ஆனா இதுதான் முக்கியம், பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு கிலோ களில 3 சதவீதம் இரும்புன்னா 30 கிராம். அதுல பாதிதான் இரும்பு-2 ஆ மாறும்னு வைங்க, 15 கிராம். ஒரு மில்லிகிராம் குரோமியம்-6 மாத்த 3.2 மில்லிகிராம் இரும்பு-2 செலவு. குடிநீருக்கு மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் இருக்கணும்னு ஐஎஸ் 10500ங்கிற இந்தியக் குடிநீர்த் தர அளவு சொல்லுது, நம்ம தண்ணில அதப்போல பத்து மடங்கு, 0.5 மில்லிகிராம், எல்லாமே குரோமியம்-6ன்னு வைங்க, அப்ப லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் இரும்பு போதும். 15 கிராம வச்சு 9,000 லிட்டருக்கு மேல சுத்தம் பண்ணலாம்! கேக்க நல்லாருக்குல்ல.

ஆனா அந்தத் தண்ணி காத்தோட கலந்து வந்தா நம்ம ஊரு வெயிலுக்கு லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவு ஆக்ஸிஜன் கரைஞ்சிருக்கும். ஒரு மில்லிகிராம் ஆக்ஸிஜன் 7 மில்லிகிராம் இரும்பு-2 சாப்பிடும். லிட்டருக்கு 52 மில்லிகிராம் அதுக்கே போயிடுது, குரோமியத்துக்கு 1.6. இப்ப கூட்டி வகுத்துப் பாருங்க, 9,000 லிட்டர் 280 லிட்டருக்கு வந்து நிக்கும். அதனாலதான் சொல்றேன், காத்து கலந்த தண்ணி வேகமா ஓடுற மணல் அடுக்குல நடுவுல ஒரு களிப் பட்டை இருக்கறது பெரிய காவல் இல்ல, காத்து போகாத, மெதுவா ஊறுற, மக்குன இலை வேர் மாதிரி கரிமப் பொருள் உள்ள ஆழத்துலதான் களி நெஜமா வேல பாக்கும். களி தண்ணிய லேசுல உள்ள விடாதுங்கறதையும் சேத்துக்குங்க, அந்த ஒரு கிலோ களி முழுசும் தண்ணியத் தொடாது, தொடுறது ஓரம்தான்.

மழையும் வெயிலும் மாறி மாறி வர்றப்ப என்ன ஆகுது

ஆக்ஸிஜன எதிரின்னு மட்டும் சொல்லிட்டா அது நியாயம் இல்ல. சாம்பல் களி மேல ஆக்ஸிஜன் படுறப்ப நடுவுல ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி, அதுலேருந்து ஹைட்ராக்சில் ராடிக்கல்னு ஒண்ணு வருது, வெளிச்சமே இல்லாத இருட்டுல. அது கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள பக்கத்துல இருக்குறது எதுவானாலும் தாக்கும், பீனால், பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன்னு எலக்ட்ரான லேசுல வாங்காத ஆளையும் உடைக்கும், ஆர்செனிக்-3ஐ ஆர்செனிக்-5 ஆக்கி துருவுல ஒட்ட வைக்கும். ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குப் பருவமழைக்கு நீர்மட்டம் ஏறுது, காத்து அடைபடுது, களில கையிருப்பு ஏறுது, பங்குனி சித்திரைல மட்டம் எறங்குது, காத்து உள்ள வருது, அந்த ஏறி எறங்குற பட்டைல வருஷா வருஷம் இது நடக்க வாய்ப்பு இருக்கு. எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் புடிச்ச பகுதியே இதுதான். ஆனா குடுக்குற எலக்ட்ரான்ல கொஞ்சம்தான் ராடிக்கலா மாறும், அதுலயும் மக்குன பொருள், பைகார்பனேட் எல்லாம் பங்கு கேக்கும்.

செய்யக்கூடாதது

அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல ஹான்ஃபோர்டுங்கிற எடத்துல அணு உலைக்குக் குளிர்விக்கிற தண்ணில கலந்த குரோமியம் நிலத்தடிக்குப் போயிடுச்சு, அது கொலம்பியா ஆத்துக்குப் போகாம இருக்க கிணறு கிணறா சோடியம் டைத்தியோனைட் எறக்கி மண்ணுல இருக்குற இரும்ப இரும்பு-2 ஆக்கி சுமார் 680 மீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்பு உண்டாக்குனாங்க. வேல செஞ்சுது, ஆனா எதிர்பாத்ததுக்கு ரொம்ப முன்னாடியே சில கிணறுல குரோமியம் திரும்பத் தெரிஞ்சுது, இரும்பு கம்மியா தண்ணி வேகமா ஓடுற அடுக்கு நடுவுல இருந்ததாலதான். அவ்வளவு ஆராய்ச்சி பண்ணவங்களுக்கே அப்படி. அந்த டைத்தியோனைட்தான் நம்மூரு ஹைட்ரோஸ். கடைல கெடைக்குதேன்னு வாங்கி போர்ல கொட்டுற வேல வேணவே வேணாம், ஈரம் பட்டா சூடாகி தீப்புடிக்கும், அதுக்கு மேல துருவெல்லாம் கரைஞ்சு இரும்பும் மாங்கனீசும் தண்ணில ஏறும், துருவுல ஒட்டிக் கெடந்த ஆர்செனிக் இருந்தா அதுவும் சேந்து வெளிய வரும். வெல்லம் கொட்டுனாலும் இதே கததான். மாங்கனீஸ் ஆக்ஸைடு உள்ள மண்ணுல குரோமியம்-3 திரும்ப 6 ஆகவும் வாய்ப்பு உண்டு, அதனால ஒரு தடவ பாத்துட்டு சரியாயிடுச்சுன்னு விடக்கூடாது.

படி 5: லேபுக்குப் போறப்ப

ஒரே போர்ல தை மாசம் ஒரு தடவ, சித்திரை கடைசில ஒரு தடவ தண்ணி எடுங்க, ரெண்டும் வேற கத சொல்லும். குழாயத் தெறந்து கொஞ்ச நேரம் ஓட விட்டு, பாட்டில் நிரம்பி வழிய எடுத்து மூடுங்க. இரும்புக்குத் தனி பாட்டில், அதுல லேப்ல குடுக்குற ஆசிட் விடலாம். குரோமியம்-6 பாக்குற பாட்டில்ல ஆசிட் விடவே கூடாது, ஆசிட்ல இரும்பு-2 கூட சேந்தா பாட்டில்லயே மாறிப்போய் "இல்ல"ன்னு பொய்யா ரிசல்ட் வரும், ஐஸ்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள குடுத்துடுங்க. கடலூர்ல குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல தண்ணி பாப்பாங்க, பாண்டில பொதுப்பணித் துறை பொது சுகாதாரக் கோட்டத்துல விசாரிங்க. களி எந்தத் தாதுன்னு உறுதியா தெரிய எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் வேணும், அதுக்கு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயும் காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்துலயும் புவி அறிவியல் துறைல கேட்டுப் பாருங்க. இரும்பு-2, இரும்பு-3 தனித்தனியா வேணும்னா பினாந்த்ரோலின் முறை இருக்கு, ஆனா களித் தகட்டுக்குள்ள இருக்குறது வெளிய வர ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்ல கரைக்கணும், தோல்ல பட்டா எலும்பு வரைக்கும் போற ஆசிட், அனுபவம் உள்ளவங்ககிட்ட விட்டுடுங்க.

ரிப்போர்ட் வந்ததும் மொதல்ல பாக்க வேண்டியது "மொத்த குரோமியம்"னு மட்டும் போட்டிருக்காங்களா, குரோமியம்-6 தனியா போட்டிருக்காங்களான்னு. மொத்தம் மட்டும்னா களி வேல செஞ்சுதா இல்லையான்னு அதுலேருந்து சொல்ல முடியாது, மாறுனதும் மாறாததும் ஒண்ணா சேந்திருக்கும். மாதிரி குடுக்கறப்பவே கேட்டு எழுதி வாங்கிடுங்க: குரோமியம்-6 தனியா, கரைஞ்ச இரும்பு தனியா, நைட்ரேட், சல்பேட், கரைஞ்ச ஆக்ஸிஜன். கடைசி ஒண்ணு போர் பக்கத்துலயே மீட்டர் வச்சு அளக்கணும், லேபுக்குக் கொண்டு போனா அந்த நம்பருக்கு மதிப்பில்ல.